அரப்பும் கறுப்பு நூலும்

தான்சானியாவிலிருந்து எங்கள் கம்பெனிக்குப் பனியன் வாங்க வரும் அந்த அம்மாவோடு நான் விலைக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், மதியச் சோறு போட்டிருக்கிறேன். அவர் மகளுக்கு நான் கார்டியன் ஆவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. திருப்பூருக்குச் சரக்கெடுக்க வந்து போகிற பழக்கத்தில், கணியூர் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியை யாரோ அவருக்குக் காட்டிவிட்டார்கள். பெற்றவர்கள் வெளிநாட்டில் இருந்தால் பக்கத்தில் ஒரு கார்டியன் வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. இந்த நாட்டில் அவர் சோறு சாப்பிட்ட வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "அதுக்கென்னங்க, நம்ம புள்ளையாட்டம் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதோடு சரி. பார்த்துக்கொள்வது நான்.

கார்டியன் என்றால் பெரிய வார்த்தைதான். வேலை என்னவோ சின்னச் சின்னது. காய்ச்சல் என்றால் ஓட வேண்டும். பல் வலித்தால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு வெளியே அழைத்துவந்து வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டும். உள்ளாடை சின்னதாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். நான் இரண்டு பையன்களை வளர்த்தவள். அவர்களிடம் எதையும் நயமாகக் கேட்டுப் பழக்கமில்லை. இந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. என்ன கேட்டாலும் "ஓகே ஆன்ட்டி" என்பாள். அழுது நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கென்று ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. தலையை யாரும் தொடக்கூடாது. பள்ளியில் விடுவதற்கு முந்தின நாள், திருப்பூரில் தங்கியிருந்த லாட்ஜ் அறையில், அவள் அம்மா காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து அவளுக்குப் பின்னிவிட்டார். கடையில் வாங்கிய கறுப்பு முடியையும் சேர்த்துப் பின்னிய மெல்லிய சடைகள், தலை முழுக்க. பின்னி முடித்த மறுநாள் பள்ளியில் விட்டுவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். அந்தச் சடைகளை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். தூங்கும்போது தலைக்குத் துணி கட்டிக்கொள்வாள். மெத்தென்று இருக்கட்டும் என்று நான் பனியன் துணியில் ஒரு குல்லா தைத்துக் கொடுத்தேன். அதற்கு மட்டும் "ஓகே" சொல்லாமல் சிரித்தாள்.

தீபாவளி லீவுக்கு முன் விடுதி வார்டன் எனக்குப் போன் பண்ணினார். அடியில் முடி வளர்ந்து சடைகள் தளர்ந்து தொங்குகின்றனவாம். "எல்லாப் புள்ளைகளும் ரெட்டைச் சடை, ரிப்பனுங்க. இல்லீன்னா கட்டையா வெட்டிக்கணும். பாவம்னு இத்தன நாள் உட்டுட்டேன். கார்டியன் நீங்கதானுங்க, லீவு முடிஞ்சு வரப்ப ஒரு முடிவோட கூட்டிட்டு வாங்க."

அவள் அம்மாவுக்குப் போன் பண்ணினால், எங்களுக்குள் பழகிய இங்கிலீஷில், "நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் நீங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டுங்கள். அவள் தாங்குவாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளாளுக்கு என் தலையில் கட்டினால் நான் என்ன செய்வேன். விடுதியிலிருந்து காரில் வரும்போது விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ரோட்டோரக் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தபடியே வந்தாள். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும் வரைக்கும் அந்தக் கை இறங்கவில்லை.

என் கணவரின் அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். மடத்துக்குளம் பக்கம் தோட்டத்தில் இருப்பவர், தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். வரும்போது தோட்டத்து அரப்பு இலையைக் காயவைத்து இடித்த, சீயக்காய்போலத் தலைக்குத் தேய்க்கிற பொடி ஒரு டப்பா நிறைய வரும். வந்தவர் போனவர் யாராக இருந்தாலும் தீபாவளியன்று நங்கையா கையால் எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் வார்த்துக்கொள்ளாமல் தப்ப முடியாது. என் பையன்கள் இரண்டு பேரும் வெளியூர் வேலைக்குப் போனதே இதற்குப் பயந்துதான் என்று நான் கேலி செய்வதுண்டு.

அன்று விடிகாலை நான் அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். குளியலறைப் பக்கம் நங்கையாவின் குரல் கேட்டது. "கண்ணு, கண்ண மூடிக்க. நல்ல நாளும் அதுவுமா எண்ணெ வெக்காம இருக்கக் கூடாது சாமி." அந்தக் குரலை எதிர்த்து நானே ஒரு வார்த்தை பேசியதில்லை. பாவம், அந்தப் பெண் என்ன பேசுவாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உச்சி நனைய நல்லெண்ணெய். அதற்குமேல், வடிகஞ்சியில் குழைத்த அரப்பு.

எங்கள் தலைக்கு அரப்பு நல்லது. அலசினால் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சடைக்குள் போன அரப்பு எங்கே போகும்? கஞ்சியும் பொடியும் எண்ணெயும் ஒவ்வொரு சடைக்குள்ளும் இறங்கி, விடிந்து வெயில் ஏறுவதற்குள் காய்ந்து இறுகிவிட்டது. கறுப்புச் சடைகள் பச்சை பூத்து விறைத்து நின்றன. தொட்டால் பொடி உதிர்ந்தது.

நங்கையாவுக்கு முகமே செத்துப்போயிற்று. "நல்லதுன்னுதான் பண்ணுனேன் கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க அத்தை" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயில் அவ்வளவு மரியாதையாக வந்தது. அதற்கப்புறம்தான் கண்ணில் தண்ணீர் இறங்கியது. சத்தமில்லாமல் அழுதாள். "அம்மா பின்னுனது" என்று மட்டும் சொன்னாள்.

நான் எப்போதும் எரிந்து விழுகிறவள். அன்று யார்மேல் விழுவது என்று தெரியவில்லை. தீபாவளியன்று திருப்பூரில் ஈ காக்காய் இருக்காது. போனஸ் வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். கீழே எங்கள் கம்பெனி பூட்டிக் கிடந்தது. எதிர்ச்சாரிப் பாத்திரப் பட்டறைகளிலும் தட்டுகிற சத்தம் இல்லை. ஒரு பியூட்டி பார்லர்கூடத் திறந்திருக்கவில்லை. திறந்திருந்தாலும் கத்தரிக்கோலைத்தான் எடுப்பார்கள். வேறு வழியில்லாமல் அவள் அம்மாவுக்கு வீடியோ காலில் தலையைக் காட்டினேன்.

அவர் முகத்தைத் திரைக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு மகளிடம் அவர்கள் மொழியில் என்னவோ மெதுவாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையாட்டிவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தாள். "அவிழ்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்" என்றார் என்னிடம். "நுனியிலிருந்து ஆரம்பியுங்கள். இழுக்காதீர்கள். அவசரப்படாதீர்கள்."

சுவரில் சாய்த்து நிறுத்திய போனில் அவர் முகம். தரையில் அவள். ஒரு பக்கம் நான், மறு பக்கம் நங்கையா. சீப்பின் காம்பால் சடையின் நுனியை நெகிழ்த்தி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு பின்னலாகப் பிரித்தோம். பிரித்து எடுத்த, கடையில் வாங்கிய முடியை நான் குப்பை என்று ஓரமாக ஒதுக்கினேன். அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய், சட்டைகள் பேக் பண்ணுகிற பாலிபேக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதில் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் எல்லாம் பிரிந்தது. தலையை அலசித் துவட்டிவிட்டு வந்து நின்றாள். அந்தத் தலைமுடியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. நான் முடியென்று நினைத்தது வழுக்கித் தொங்குவது. இது மேல்நோக்கி எழுந்து நின்றது. காயக் காய இன்னும் எழுந்தது. ஜன்னல் வெயில் அதற்குள் புகுந்து அங்கங்கே சிக்கிக்கொண்டது. அதன் நடுவில் அந்தச் சின்ன முகம் அப்படியொரு நிமிர்வோடு இருந்தது. இவ்வளவு நாளும் இதையா ஒரு சின்னப் பெண் தன் தலையில் அடக்கி வைத்திருந்தாள் என்று எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. நங்கையா எதற்கும் லேசில் வாயடைத்துப்போகாதவர். அவரே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஆத்தா" என்றார், கோயிலில் திரை விலகும்போது சொல்வாரே, அந்தக் குரலில். இதைப் போய் வெட்டலாமா என்று யோசித்தேனே. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், வெட்டுவதில்லை.

அதைச் சொன்னதும் போனில் அவள் அம்மா கேட்டார், "வீட்டில் நூல் இருக்கிறதா?"

திருப்பூர்க்காரியிடம் கேட்கிற கேள்வியா இது. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கம்பெனியைத் திறந்து, இருந்த கறுப்பு நூல் கோன்களையெல்லாம் கூடையில் அள்ளி வந்தேன். ஒவ்வொன்றாகக் கேமராவில் காட்டினேன். முதல் கோன் மினுக்குகிறது, வேண்டாம். அடுத்தது மெல்லிசு, முடியை அறுக்கும், வேண்டாம். சரக்கு எடுக்க வந்தால் எப்படி ஒவ்வொன்றாகத் தள்ளுவாரோ அப்படியே தள்ளினார். கடைசியில் கெட்டியான பருத்தி நூல் ஒன்று தேறியது. அவர் தன் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்து காட்டினார். முடியைச் சின்னப் பாத்தியாகப் பிரிக்க வேண்டும். நூலை நாலைந்து இழையாகச் சேர்த்து, வேரிலிருந்து நுனிவரைக்கும் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அவர் ஊரில் அவருடைய அம்மா காலத்துக்கும் முந்தைய வழக்கமாம். வேரில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் சுற்றியதெல்லாம் அவிழ்ந்தது. நங்கையா தினமும் பூக்கட்டுகிறவர். அவர் விரல் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது வரிசை சுற்றும்போது என் முழங்காலில் கனமாக ஏதோ இறங்கியது. பார்த்தால் அவள் தலை. தூங்கிவிட்டாள். யாரையும் தொடவிடாத தலையை என் மடியில் சாய்த்துவிட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, நிம்மதியாகத் தூங்கினாள். போனில் அவள் அம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டார். கடல் தாண்டி ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க, அவள் பெற்ற பிள்ளை என் மடியில் தூங்குகிறது. கார்டியன் என்ற வார்த்தையின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்குக் கூட்டிப் போனோம். நூல் சுற்றிய கற்றைகளை இரண்டாகச் சேர்த்து நங்கையா ரிப்பன் கட்டியிருந்தார். வார்டன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், ரெட்டைச் சடைதானுங்களே, ரிப்பனும் இருக்குது. வேறென்ன வேணும்?" என்றார் நங்கையா.

வார்டன் ஒரு கற்றையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். "நீங்களேவா சுத்துனீங்க?" என்று கேட்டார். பிறகு, "ரிப்பன மட்டும் மறக்காம கட்டிக்கோ கண்ணு" என்று அவளை உள்ளே அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு அவுட்டிங் ஞாயிறும் நங்கையா மடத்துக்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். பழைய நூலைப் பிரித்துப் புது நூல் சுற்றுவார். அரப்பு டப்பாவை மட்டும் கொண்டுவருவதில்லை.

கோடை விடுமுறைக்கு மகளை அழைத்துப் போக அவள் அம்மா வந்தார். வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மகளை முன்னால் உட்கார வைத்து, நங்கையா சுற்றிய நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போகும்முன் தன் கையால் பின்னிவிட வேண்டுமாம். நூலை அறுக்கவில்லை. நுனியிலிருந்து மெதுவாக உருவி உருவி, தன் இரண்டு விரல்களில் சுற்றிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற நங்கையாவுக்கு மனசு கேட்கவில்லை. குப்பைக்கூடையை நகர்த்தி வைத்து, "அழுக்கு நூலுங்க அது, இதுல போட்டுருங்க" என்றார். அந்தப் பெண் திரும்பி அதைத் தன் அம்மாவுக்கு அவர்கள் மொழியில் சொன்னாள்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். விரலில் சுற்றிய நூலைக் கழற்றி, சின்னச் சுருளாக மடித்து, மகளிடம் கையை நீட்டினார். அவள் பையைத் திறந்து அந்தப் பழைய பாலிபேக்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதன் வாயைப் பிரித்து, தான் பின்னியிருந்த முடியோடு எங்கள் நூலையும் வைத்து ஒட்டினார்.