அக்கா வீட்டைச் சுத்தம் செய்த நாள்

என் அக்கா தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறாள். மாமா இறந்த பிறகு அவளால் எதையும் தூக்கிப் போட முடியவில்லை. காலி உரச்சாக்கு, ஸ்ட்ராபெரி டப்பா, அறுந்த சிலிப்பர், பழைய பேப்பர் எல்லாம் கூரைவரை ஏறிவிட்டன. பின்வாசல் எங்கே என்று தேட வேண்டும். கேஸ் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பேப்பர்க் கட்டுகள். தீப்பிடித்தால் அவள் வெளியே வர வழியில்லை.

சொல்லிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். "தேவைப்படும்லா" என்பாள். அவ்வளவுதான்.

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். தீபாவளிக்கு முன்பு லயத்தில் கோத்தோங் ரோயோங் நடக்கும். எல்லோரும் கூடிக் கால்வாய், வாசல் எல்லாம் சுத்தம் செய்வோம். அந்த வருடம் அக்கா வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னதே நான்தான். அன்று அவளைக் கண் பரிசோதனைக்கென்று என் மகளோடு தானா ராத்தா டவுனுக்கு அனுப்பிவிட்டேன். அரை நாளில் ஒரு காய்கறி லோரி நிறைய ஏற்றினோம். தரை தெரிந்தது. ஜன்னலுக்குப் புதுத் திரைகூடப் போட்டேன். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அக்கா திரும்பி வந்து வாசலில் நின்றாள். அழவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

"அவரு மழைக்கோட்டு எங்கடி?"

எந்தச் சாக்கில் போனதென்று எனக்கு எப்படித் தெரியும்? லோரி போய்விட்டிருந்தது.

"என்னயும் ஏத்தி அனுப்பியிருக்கலாம்லா" என்றாள்.

ஒரே வருடத்தில் வீடு முன்பைவிட மோசமாக நிறைந்தது. இப்போது உள்ளே பூட்டு வேறு. எனக்குக் கதவு திறப்பதில்லை.

வேறு வழி தெரியாமல் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். அங்கிருந்த தமிழ் டாக்டர் முழுவதையும் கேட்டார். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நோய். அவங்க சம்மதத்தோட, அவங்க கையால, ஒவ்வொண்ணாத்தான் எடுக்கணும்" என்றார். நான் செய்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது மாதம் இரண்டு முறை ஒரு தாதி அக்காவைப் பார்க்க வருகிறார். அந்த நாட்களில் நான் கீழ் ரோட்டில் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். உதவிக்குப் போகவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பவும் மனம் வராது.

போன வாரம் தாதி வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். கையில் ஒரே ஒரு பேப்பர்க் கட்டு.

"அடுப்புப் பக்கத்துல இருந்தது. அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன்.

"தங்கச்சி கூட வந்திருக்காளான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்ன பிறகுதான் கொடுத்தாங்க."