மூன்றாவது சம்மதம்

எங்கள் கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் அறுப்பவனுக்கு வயது முப்பத்தொன்று. நான் முன்னால் கவுண்டரில் ஃபிரேம் விற்பவள். எனக்கு வாய் நீளம், அவனுக்கு வாயே கிடையாது. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது. சப்பை மூக்குக்காரர் யார் தலையிலாவது கனமான ஃபிரேமை நான் கட்டிவிட்டால், "அக்கா, இது நாளைக்கே நழுவிக்கிட்டுத் திரும்பி வரும்" என்பான். அவன் பேசுவதில் அதுதான் அதிகபட்சம். அதுவும் மெல்லிய குரல். கடைப் போனை அவன் எடுத்தால் எதிர்முனையில் "சொல்லுங்க மேடம்" என்பார்கள். திருத்த மாட்டான்.

அவனுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அவன் தம்பியும். என்னிடம் அவனே சொன்னான். தம்பி இவன் போனை நோண்டித் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா பரிமாறும்போது மட்டும் பக்கத்தில் உட்காருவான்.

பிறகு ஒருநாள் தம்பியே கூப்பிட்டான். அவன் கம்ப்யூட்டரில் நெட் வழியாக விளையாடும் துப்பாக்கிச் சண்டைக்கு நாலு பேர் வேண்டும், ஒருத்தன் கழன்றுகொண்டான். "வா. ஆனா அண்ணன்னு சொல்லிக்காத. மைக்கையும் போடாத." இவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடும்போதே வாயைக் கட்டிக் கூப்பிடுகிறவன் என்ன தம்பி? "விடுங்கக்கா. கூப்பிட்டானே" என்றான்.

எட்டு மாதம் பேசாமலே விளையாடினான். எதிரி நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறி போட்டுக் காட்டுவான். லென்ஸில் மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண். ஒருத்தனும் தப்ப முடியாது. அந்தக் குழுவின் கேப்டன் இவனுக்கு 'ஊமை' என்று பெயர் வைத்தான். "ஊமைதான்டா ஆம்பள. வளவளன்னு பேசாம வேலைய முடிக்கிறான் பாரு" என்பானாம். அதை என்னிடம் சொல்லும்போது இவன் சிரித்தான்.

ஒரு ஞாயிறு மதியம், ஆட்டத்தில் கேப்டனுக்குப் பின்னால் எதிரி ஒருத்தன் வந்துவிட்டான். குறி போட நேரமில்லை. இவன் மைக்கைப் போட்டு, "பின்னாடி! பின்னாடி பாரு!" என்று கத்தினான். கேப்டன் பிழைத்தான், ஆட்டத்திலும் ஜெயித்தார்கள்.

"யாருடா அது, பொம்பளக் குரல்?" என்றான் கேப்டன்.

குழுவில் இருந்த இன்னொருத்தன் சிரித்தான். "ஊமைடா! டேய் ஊமை, நீ அதுவா?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. இவன் மைக்கை அணைத்திருக்கலாம். "ஆமா" என்றான். ஏன்டா சொன்னாய் என்று நூறு தடவை கேட்டிருப்பேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்பான்.

அதன்பிறகு அவர்கள் பேசியதை எழுதக் கை கூசுகிறது. மைக்கில் முனகிக் காட்டுவார்கள். அந்த விளையாட்டில் அடிபட்டு விழுந்தவனைக் கூட்டாளி ஒருத்தன் வந்து தூக்கிவிட வேண்டும். இவன் விழுந்தால், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிச் சுற்றி நின்று சிரிப்பார்கள். இவனால் பிழைத்த கேப்டன்தான் அதிலும் முதல் ஆள், நன்றி கெட்ட ஜென்மம். அப்புறம் இவனைக் குழுவிலிருந்து நீக்க ஓட்டு வைத்தார்கள். மற்ற மூன்று பேரும் சம்மதித்தால்தான் நீக்க முடியும். இரண்டு பேர் உடனே போட்டார்கள். தம்பி போடவில்லை.

பதினொரு நாள் போடவில்லை. தினமும் கடைக்கு வந்ததும் இவன் "இன்னும் போடலக்கா" என்பான். வைகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். "உனக்கு வலிக்கவே வலிக்காதா?" என்றால், "மரத்துப்போச்சுக்கா" என்று மெஷினை ஓட்டத் தொடங்கிவிடுவான். தம்பி தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்கிற ஒன்றே அவனுக்குப் போதுமாக இருந்தது. வீட்டில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், இவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கேப்டன் தம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் ஏன்டா ஓட்டுப் போடல? நீயும் அவனும் ஒண்ணா?"

அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த அறைகள். தம்பியின் பதில் முதலில் சுவர் வழியாகக் கேட்டது. அரை நொடி கழித்து அதே பதில் ஹெட்செட்டில் வந்தது. "சீ! அவன் யாருன்னே எனக்குத் தெரியாது." இரண்டு தடவையும் இவன் காதில் விழுந்தது. குழுவிலிருந்து நீக்கப்பட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. ஹெட்செட் அடங்கிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம் தொடர்ந்தது.

மறுநாள் இதையெல்லாம் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. "அப்புறம் அவன் உன் மூஞ்சில முழிச்சானா?" என்றேன்.

"வந்தான்க்கா, ஆட்டம் முடிஞ்சதும். கதவுகிட்டயே நின்னான்."

"மன்னிப்புக் கேட்டானா?"

"இல்ல. உன் ஹெட்செட் இனிமே உனக்கு வேணாம்லன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"குடுத்துட்டேன்க்கா. அவனோடதுல ஒரு பக்கம் கேக்காது."