எடை மெஷினும் பயிற்சிக் கோபுரமும்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் எடை மெஷினில் ஏற்றுவார்கள். உயரத்துக்கு விதித்த எடையைவிடக் கூடிவிட்டால் வண்டியில் இடம் கிடையாது, தொலைபேசி மேசைதான். ஓடச் சொல்வதில்லை, ஏறச் சொல்வதில்லை. முள் எங்கே நிற்கிறது என்பதுதான் தகுதி. ஆகவே எடை நாள் நெருங்கினால் நிலையமே பட்டினி கிடக்கும். சாப்பாட்டு டப்பாக்கள் கனம் குறையாமல் வீடு திரும்பும்.

பட்டினியில் எல்லோரையும் மிஞ்சியவர் ‘ஏணியக்கா’. நெடுநெடு உயரம், அகன்ற தோள். ஈரக் குழாய்ச் சுருளைச் சுமந்துகொண்டு மாடி ஏறுவதில் அவரை முந்த ஆளில்லை. ஓரிடத்தில் உட்கார அவரால் முடியாது. தேநீரைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். அப்படிப்பட்டவரை மேசையில் கட்டிப்போடுவதும் கூண்டில் அடைப்பதும் ஒன்றுதான். அந்தப் பயத்தில், வருடாவருடம் எடை நாளுக்கு முன் வெறும் தண்ணீரில் வாழ்ந்தார்.

சென்ற ஆண்டு எடை நாள் முடிந்த கையோடு வலி வந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை ஏறியது. படுக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார்.

“ஊரு நெருப்பையெல்லாம் அணைக்கிற. உன் வயித்தெரிச்சல அணைக்க ஒரு டாக்டர்கிட்ட போக மாட்டியா?” என்றார் தையல்காரரான கணவர்.

“சும்மா இருங்க. நீங்க பட்டன் தைங்க.”

மூன்றாவது முறை வலி வந்தபோது கணவர் ஆட்டோவைக் கூப்பிட்டார். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள்.

“ஓடி ஏறி குதிக்கிறதாலயா டாக்டர்? இனி வேலைய விட்டுடணுமா?” ஏணியக்காவுக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர் சிரித்துவிட்டார். “நல்லா உடம்பு அசையறவங்களுக்குக் கல்லு வர வாய்ப்பு கம்மிம்மா. ஆமா, பட்டினி ஏதாவது கிடப்பீங்களா?”

ஏணியக்கா சொல்லி முடித்ததும் மருத்துவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “சாப்பிடாம மளமளன்னு இளைச்சா பித்தப்பை சரியா சுருங்காது. பித்தம் தேங்கி கல்லு கட்டும். உங்க கல்லுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.”

உடல்தகுதியைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விதி, நல்ல உடம்பில் கல்லை வளர்க்கிறது. அதைப் போட்டவனுக்கு வலிக்காது. வலித்தவரிடம் யாரும் கேட்பதுமில்லை.

பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாளே செவிலியர் நடக்கச் சொன்னார். ஏணியக்காவை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. பாரம் தூக்க மட்டும் பொறுக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மருத்துவர் சரி என்றபின், முதலில் காலிக் கையோடு, பிறகு குழாயோடு, பயிற்சிக் கோபுரத்தில் பழையபடி ஏறினார்.

மறுபடி எடை நாள் நெருங்கியது. எல்லோரும் டப்பாவை மூடி வைத்திருக்க, அவர் மட்டும் சாப்பிட்டார்.

“அக்கா, ஃபோன் மேசைக்கு மெத்தை வாங்கித் தரவா?” என்றான் வண்டி ஓட்டும் ‘சைரன்’. காது கிழியப் பேசுவதால் வந்த பெயர் அது.

“உனக்கும் சேர்த்து வாங்குடா. உள்ள கல்லு கட்டுனா தெரியும்.”

சைரன் வயிற்றைத் தடவிக்கொண்டு முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினான். “நெசமாவாக்கா? எனக்கும் இந்தப் பக்கந்தான் வலிக்குது.”

“எத்தனை நாளாடா?” என்றார் ஏணியக்கா. அவன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். அவருக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை.

எடை நாளன்று முள் கோட்டைத் தாண்டி நின்றது.

“எடை கொஞ்சம் கூடியிருக்கேம்மா. ஃபோன் மேசைக்குப் போங்க” என்றார் நிலைய அதிகாரி, மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல்.

“சார், என்னை ஏறச் சொல்லிப் பாருங்க. மூச்சு வாங்கினா நானே மேசைக்குப் போறேன்.”

“விதியில அது இல்ல.”

“பட்டினி கிடக்கணும்னும் விதியில இல்லையே சார்? பாதிப் பேர் கிடக்கிறோம். நான் கிடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். இந்தா, இவன் அடுத்து நிக்கிறான்.”

அதிகாரி சைரனைப் பார்த்தார். சைரன் தரையைப் பார்த்தான்.

“போங்கம்மா, நேரமாகுது.”

ஏணியக்கா போனார். மேசைக்கு அல்ல. வெளியே கிடந்த குழாய்ச் சுருளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கோபுரத்தில் ஏறினார். உச்சிக்குப் போய் இறங்கினார். நிற்காமல் மீண்டும் ஏறினார். அவருடைய பூட்ஸ் இரும்புப் படிகளில் இடிக்கும் சத்தம் எடை அறைக்குள் கேட்டது.

“அடுத்தது யாருப்பா?” என்று கேட்டு அதிகாரி நிமிர்ந்தார்.

வரிசையில் யாரும் இல்லை. எல்லோரும் கோபுரத்தடியில் அண்ணாந்து நின்றிருந்தார்கள். சைரன் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.