கடைசி வார்த்தை

"எக்கோ எடுக்கணும், படுங்கம்மா" என்றாள் நர்ஸ். மார்பில் ஜெல் சில்லிட்டதும் நினைவில் சின்ன வயசுப் பாலக்கரை வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா எது சொன்னாலும் கடைசி வார்த்தையை அம்மா திருப்பிச் சொல்வாள். "நாளைக்குச் சமயபுரம் போறோம்." "போறோம்." பிறர் பேச்சின் கடைசிச் சொல்லை மட்டுமே சொல்ல முடிந்த எக்கோ என்ற பெண்ணின் கிரேக்கக் கதையை டீச்சர் சொன்னதிலிருந்து, அம்மாவுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்று, ரசம் சாதத்தைப் பிசைந்தபடி அப்பா கேட்டார். "பொம்பளைப் பிள்ளைக்குக் காலேஜ் வேணுமா?"

அம்மா ஈயச்சொம்பைக் கீழே வைத்தாள்.

"வேணும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவள் தலை குனியவில்லை. ஜூனில் காலேஜில் சேர்ந்தேன்.

"துணைக்கு யாராச்சும் வேணுமாம்மா?" என்றாள் நர்ஸ்.

"வேணும்" என்றேன்.