குளித்துப் பார்த்துச் சாவி கொடுப்பவர்

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையையொட்டி நான் வாடகைக்கு விடக் கட்டிய முதல் வீடு பூட்டிக் கிடந்தது. ‘டு லெட்’ அட்டையும் வெளுத்துவிட்டது. எதிர்வீடு மட்டும் ஒரு வாரம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை. என்னிடம் இருந்த குடும்பமே அங்கேதான் குடிபோனது.

அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். குட்டையான பெண், தோளில் பெரிய கைப்பை. குடித்தனம் மாறும்போதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் சோப்பும் அரிசியுமாக வருவார். காலி வீட்டில் குளித்து, துவைத்து, சமைத்துச் சாப்பிட்ட பிறகே அடுத்தவருக்குச் சாவி. வீடு வாடகைக்கு விடுவதைப் பற்றி நான் பார்க்காத வீடியோ இல்லை. ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

பொறுக்கமாட்டாமல் கேட்டேன். “உங்க வூட்டுக்கு மட்டும் எப்படிங்க ஆள் வந்துகினே இருக்காங்க? வாடகை கம்மியா?”

“உங்களுதவிட ஜாஸ்திதாங்க,” என்று சிரித்தார். “ஆமா, உங்க வூட்ல நீங்க ஒரு நாளாவது குளிச்சிருக்கீங்களா?”

அடுத்த ஞாயிறு துண்டோடு என் காலி வீட்டுக்குப் போனேன். பளபளக்கும் டைல்ஸ் பதித்த குளியலறையில் குழாய் நூலாக ஒழுகியது. தலையில் நுரையோடு, வாளி நிறையட்டும் என்று நின்றேன். எதிர்வீட்டில் தண்ணீர் தடதடவென்று கொட்டும் சத்தம் கேட்டது. கூடவே யாரோ பாடினார்கள். என் பழைய குடித்தனக்காரர்தான். என் வீட்டில் இருந்தவரை அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.