பென்சில் மாற்றிக் கொடுத்த வீடு

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் அவருக்குப் பெயர் பென்சில். எந்நேரமும் காதில் ஒரு பென்சில் செருகியிருப்பார். முகம் கழுவும்போதுகூட அதை எடுக்க மாட்டார் என்று அவருடைய வேன் டிரைவர் சொல்வார். டிரைவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இது உண்மைதான்.

தொழில் தொடங்கிய புதிதில் அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கடை போட்ட தெருவில் அதே தொழிலுக்கு ஏற்கெனவே நான்கு கடைகள். எல்லோரிடமும் ஒரு வேன், ஒரு கட்டு அழுக்குக் கயிறு, ‘பத்திரமாகக் கொண்டு சேர்ப்போம்’ என்று ஒரு போர்டு. வேலையும் ஒரே அச்சுதான். சாமான்களை அள்ளி ஏற்றுவார்கள், புது வீட்டுக் கூடத்தின் நடுவில் குவிப்பார்கள், “வர்றோம் சார்” என்று போய்விடுவார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தேடி அந்தக் குவியலை மூன்று சுற்றுச் சுற்றுவார். பென்சிலும் அப்படியே குவித்துவிட்டு வந்தவர்தான். நாலோடு ஐந்தாவது ஆளை யார் தேடி வந்து கூப்பிடப்போகிறார்கள்?

வழி சொன்னவள் அவருடைய அக்கா. மூன்று தெரு தள்ளி அவள் வீடு. வேலையில்லாத மத்தியானங்களில், அதாவது பெரும்பாலான மத்தியானங்களில், அங்கேதான் அவருக்குச் சாப்பாடு. ஒருநாள் சமையலறை வாசலில் உட்கார்ந்து புலம்பினார்.

“எல்லாரும் செய்றதயே நானும் செய்றேன்க்கா. என்னைய எதுக்குக் கூப்பிடுவாங்க?”

அக்கா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள். “பழைய வீட்டுல எது எங்க இருந்துச்சோ, புது வீட்டுலயும் அத அங்கயே வச்சுக் குடுத்துட்டு வா. இருட்டுல கைய நீட்டுனாலும் டப்பா கைக்கு வரணும். அப்படி இருந்தா வீட்டுல சத்தமே வராது.”

“என்ன சத்தம்?”

“அது எங்க, இது எங்கன்னு கத்துற சத்தம்தாண்டா.”

யோசனையை அவர் சிக்கென்று பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை அவள் எங்கே கேட்டாள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்க வேண்டியதுதான். எத்தனை மத்தியானம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்!

அத்தான், அதாவது அக்காவின் கணவர், தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். அலமாரித் தட்டில் சர்க்கரை டப்பாவுக்கு ஒரு வட்டம், டீத்தூள் டப்பாவுக்கு ஒரு வட்டம் என்று கோடு போட்டு வைத்திருந்தார். டப்பா வட்டத்தைவிட்டு ஒரு விரல் நகர்ந்திருந்தால் போதும், அக்கா வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கூப்பிடுவார். அவள் ஈரக் கையோடு ஓடி வந்து சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும்வரை பக்கத்திலேயே நிற்பார். பென்சில் ஒருமுறை அதை நேரில் பார்த்தார். “அத்தான் மாதிரி ஒழுங்கு யாருக்கு வரும்!” என்று சிரித்தார். அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று. தம்பிகள் இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் மந்தம்தான்.

தொழில் மட்டும் மளமளவென்று ஏறியது. வீடு மாறுவதற்கு முதல் நாளே நோட்டோடு போய்விடுவார். ஒவ்வொரு தட்டையும் வரைந்து கொள்வார். வீட்டுக்காரம்மாவுக்கு வலக்கைப் பழக்கமா இடக்கையா, எவ்வளவு உயரம் எட்டும், மாத்திரை டப்பா தலைமாட்டிலா கால்மாட்டிலா, எல்லாம் அதில் இருக்கும். கண் தெரியாத வாத்தியார் ஒருவர் புது வீட்டில் நுழைந்து, சுவரைத் தொடாமலே நடந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, “ஏம்ப்பா, நான் வீடு மாறிட்டேனா இல்லியா?” என்று கேட்டார். அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. வேனில் ‘வைத்தது வைத்தபடி’ என்று எழுதிவிட்டார். மற்ற நான்கு கடைக்காரர்களும் போனில் படம் எடுத்துக் காப்பியடித்துப் பார்த்தார்கள். முன்னால் இருப்பது படத்தில் விழும். பின்னால் இருப்பது விழாது. நாலு கடையும் படுத்துவிட்டன.

அத்தான் ஒருநாள் அலுவலகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைக்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, அக்கா யாரையும் கேட்காமல் ஒரு சின்ன வீடு பார்த்து முடித்திருந்தாள். நான்காவது மாடி, இரண்டே அறை. படுக்கையறையில் சுவரில் பாதி ஜன்னல். அவளாகத் தேர்ந்தெடுத்த முதல் வீடு.

“சாமான இறக்கி மட்டும் போடுடா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றாள்.

பென்சிலுக்குச் சுருக்கென்றது. “ஊருக்கெல்லாம் செய்றேன். கூடப் பொறந்தவளுக்குச் செய்ய மாட்டேனா? இந்தத் தொழிலே நீ சொன்னதுதானக்கா!”

“இல்லடா, நான் என்ன சொல்றேன்னா...”

“நீ ஒன்னும் சொல்ல வேணாம். காலையில சித்தி வீட்டுக்குப் போயிட்டு, சாயங்காலம் வா. பழைய வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்.”

கரும்பு தின்னக் கூலியா என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் எதையோ வேண்டாம் என்கிறாள் என்று அந்த மண்டையில் ஏறவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை அக்காவுக்குக் காட்டும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அன்றைக்குச் செய்ததுபோல் ஒரு வேலையை அவர் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. அத்தானின் நாற்காலி வாசலைப் பார்த்து. அவருடைய ஷேவிங் டப்பா கண்ணாடிக்குக் கீழே. அத்தானுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் கட்டிலை எப்போதும் உள்சுவர் ஓரமாகத்தான் போடுவார். இங்கேயும் ஜன்னலை விட்டுவிட்டு உள்சுவர் ஓரமாகவே பென்சில் அதைப் போட்டார். கடைசியில் காதிலிருந்து பென்சிலை எடுத்து, புது அலமாரியில் அந்த வட்டங்களையும் ஒவ்வொன்றாக வரைந்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு சமையலறைக்குப் போனாள். சர்க்கரை டப்பா வட்டத்தைவிட்டு ஒரு நூல் விலகியிருந்தது. அவள் விரல் தானாகப் போய் அதை உள்ளே தள்ளியது.

“நல்லா இருக்குடா” என்றாள்.

அவர் நம்பினார். இரண்டு வருடம், வந்தவர் போனவரிடமெல்லாம் அக்கா வீட்டைத்தான் பெருமையாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் வீடு மாற்றக் கூப்பிட்டாள். நோட்டை விரித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். “அண்ணே, எதையும் வரையாதீங்க. எதுவும் பழைய மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் வீட்டயே மாத்துறேன்.” ஏன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. பென்சில் டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு, நேராக அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாடியும் மூச்சிரைக்க ஏறினார்.

“அக்கா, அன்னைக்கு என்ன சொல்ல வந்த?”

அவளுக்கு எந்த நாள் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. “கட்டில ஜன்னலுக்குக் கீழ போடணும்னு நெனச்சேன்” என்றாள். “பரவால்ல, விடு.”

அவர் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தனியாக வந்தார். வட்டங்களை ரப்பரால் அழித்தார், கட்டிலை ஜன்னலுக்குக் கீழே இழுத்தார், நாற்காலியைக் கீழே கொண்டுபோய் வேனில் ஏற்றினார். அக்கா அன்று சிரித்துக்கொண்டே இருந்தாள். “அந்த டப்பாவ அங்க வை. வேணாம் வேணாம், இங்க!” என்று அவரை ஆட்டிவைத்தாள். செய்த தப்பைக் கழுவிவிட்டோம் என்று அவர் லேசான மனதோடு இறங்கிப் போனார்.

பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் கட்டில் மறுபடியும் உள்சுவர் ஓரமாகக் கிடந்தது. அறுபதை நெருங்கும் வயதில், இடுப்புவலியோடு, அவளே இழுத்திருக்கிறாள். அலமாரியில் வட்டங்கள் இல்லை. ஆனால் டப்பாக்கள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்திருந்தன.

“என்னக்கா இது?”

“தூக்கம் வரலடா. எதயாவது எடுத்து வேற எடத்துல வச்சா நெஞ்சு படபடங்குது. இப்ப கூப்புடுவாரு, இப்ப கூப்புடுவாருன்னு காத்துக்கிட்டே இருக்கேன்.”

“கொஞ்ச நாள் போனா பழகிடும்க்கா.”

“மொத நாளே மாத்தி வச்சிருந்தா பழகியிருக்கும். அன்னைக்கு மாடி ஏறுறப்பவே எது எங்கன்னு மனசுல எல்லாத்தயும் வச்சு முடிச்சுட்டேன். அவ்ளோ தைரியம் எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல. கதவத் தொறந்தா, நான் வர்றதுக்கு முன்னாடியே அவரு வந்துட்டாரு.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “உன்னையக் குத்தம் சொல்லலடா. நீ ஆசையாத்தான் செஞ்ச.”

அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். எழுந்து போய்க் கட்டிலின் காலைப் பிடித்தார்.

“யாரக் கேட்டு அதத் தொடுற!”

அக்கா அந்த மாதிரி குரல் உயர்த்தி அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆனால் அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அது அத்தானின் குரல். ஏற்றமும் இறக்கமும் அப்படியே இருந்தன.

அக்காவும் அதைக் கேட்டுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பென்சில் கட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். எதையும் நகர்த்தவில்லை.