ஏட்டு, பின்னாடி போ

ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியனிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கவே ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இவன் எதற்காக இதைக் கேட்கிறான் என்று ஒரு பார்வை பார்ப்பார். குற்றப்பிரிவில் வருஷக்கணக்கில் இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். யூனிபார்மைக் கழற்றியாயிற்று, அந்தப் பார்வையைக் கழற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தால், வந்திருப்பது யார் என்று தெரிகிறவரை அவருக்குச் சோறு இறங்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மணலில் ஸ்கூட்டர் சறுக்கி அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறைக் கம்ப்யூட்டரில் பழைய படம் பார்ப்பது. இடது கையால் மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி எங்கேயோ ஓடியது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் யோகேஸ்வரி லீவில் வந்தவள், ஒரு மைக்கையும் கேமராவையும் மாட்டி, வாயால் சொன்னாலே படம் ஓடும்படி செய்துகொடுத்தாள்.

"முதல்ல ஏட்டுன்னு கூப்பிடுங்கப்பா. பொறவு என்ன வேணுமோ சொல்லுங்க. நிறுத்து, ஓட்டு, முன்னாடி போ, பின்னாடி போ, எல்லாம் கேக்கும்."

"ஏட்டுன்னு ஏன் வச்ச?"

"நீங்க வேலை வாங்குறதுக்குத் தோதா இருக்கட்டும்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. "நான் கூப்பிடும்போதுதான் கேக்குமா, இல்ல எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"கூப்பிடுறீங்களான்னு தெரிய, கேட்டுக்கிட்டுதானப்பா இருக்கணும்."

அந்தப் பதில் அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. மகள் ஊருக்குப் போனதும், பழைய போலீஸ் வித்தை ஒன்றைக் கையில் எடுத்தார். சந்தேகப்பட்ட ஆளின் காதில் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு அது எங்கே போய் முளைக்கிறது என்று பார்ப்பது. கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து, "ஒரு கறவை மாடு வாங்கணும்" என்று சத்தமாகச் சொன்னார்.

அடுக்களையிலிருந்து மனைவி வெள்ளைத்தாய் எட்டிப் பார்த்தாள். "இந்த வீட்டுல மாட்ட எங்கனங்க கட்டுறது?"

"உன்கிட்டச் சொல்லல, போ."

அந்த வாரமே படத்துக்கு நடுவில் மாட்டுத்தீவன விளம்பரம் வந்தது. உடனே மகளுக்குப் போன் போட்டார். "ஏட்டி, இது ஒட்டுக் கேக்குது."

"நம்ம ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் அந்த விளம்பரம்தான்ப்பா வருது" என்றாள் அவள். அவர் நம்பவில்லை. கேமராவின் கண்ணில் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டினார். வீட்டு விஷயம் எதையும் முன்னறையில் பேசக்கூடாது என்று வெள்ளைத்தாய்க்கு உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம் கண்ணில் பட்டது. பாதி பார்த்து நிறுத்திய படங்கள் வரிசையாக வரும் இடத்தில், அவர் கேட்காத ஒரு படம் நின்றது. ரொம்பப் பழைய படமும் இல்லை, புதுசும் இல்லை. எவ்வளவு தூரம் பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு கால்வாசியில் இருந்தது.

"இத யாரு பாத்தா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வெள்ளைத்தாய், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

தலை நிமிரவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அப்படி வருகிற பதில் முன்னமே தயாரித்தது என்பது அவர் சர்வீஸில் கண்டது. மனதில் குறித்துக்கொண்டார்.

கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போதெல்லாம் அந்தப் படம் வரிசையில் முதலாவதாக வந்து நின்றது. சிவப்புக் கோடு மட்டும் அதே கால்வாசியைத் தாண்டவில்லை. படம் பார்க்கிறவன் முடிவு தெரியாமலா திரும்பத் திரும்ப நிறுத்துவான்? எவனோ இந்த வீட்டுக்குள் வந்து போகிறான். அல்லது எங்கேயோ இருந்துகொண்டு கம்ப்யூட்டரை ஆட்டுகிறான். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த கௌதம்ராஜ் கம்ப்யூட்டர் படித்தவன். அவனை இரண்டு நாள் ஜன்னல் வழியாக நோட்டம் விட்டார். பையன் துணி காயப்போட்டதைத் தவிர வேறொன்றும் சிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் வேட்டியை மாற்றிக்கொண்டு, "நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைக்குப் போய்ப் பெருமாளப் பாத்துட்டு வாரேன். வரப் பொழுதாயிரும்" என்றார்.

"கையி இப்படி இருக்கையில மலையேறணுமா?" என்று கேட்டவள், உடனே, "சரி, பாத்துப் போய்ட்டு வாங்க" என்றும் சொன்னாள். அந்தச் சீக்கிரமான "சரி"யையும் அவர் குறித்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை போய் ஒரு டீ குடித்தார். ஆட்டோ பிடித்துத் தெருமுனையில் இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டின் பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

உள்ளே மேளச்சத்தம், கூட்டத்தின் இரைச்சல், நடுவில் பிடிபடாத ஒரு முணுமுணுப்பு. சட்டென்று எல்லாம் நின்றது. பிறகு வெள்ளைத்தாயின் குரல் கேட்டது.

"ஏலே, எம்புட்டு எளச்சுப் போயிருக்க. சாப்பிட்டியாலே?"

இவ்வளவு காலக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு குரலில் பேசித் தங்கப்பாண்டியன் கேட்டதில்லை.

"செத்த நில்லு. அதுக்குள்ள எங்க போற?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "யாருட்டி அவன்?"

வெள்ளைத்தாய் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அவளைத் தவிர யாரும் இல்லை. கதவுக்குப் பின்னால் பார்த்தார். அடுக்களை, குளியலறை, கொல்லைப்புறம் எல்லாம் பார்த்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திரையைக் காட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டம். கதாநாயகன் நடுவில் நிற்க, சுற்றிலும் ஜனம். காட்சி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரையின் இடது ஓரத்தில், கட்டம் போட்ட சட்டையும் தோளில் துண்டுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஓர் இளவட்டம் வடத்தின் பக்கம் காலெடுத்து வைத்தபடி நின்றான். கருத்தப்பாண்டி. வெள்ளைத்தாயின் ஒரே தம்பி.

அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனது. அன்றைக்கு வந்து போனவன் கருத்தப்பாண்டி. மச்சினன் என்றும் பாராமல் தங்கப்பாண்டியன் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார். அவன் எடுக்கவில்லை என்றான், மோதிரமும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. மறு வருஷம் தளவாய்புரத்துக்குப் பிரியும் விலக்கில் லாரி மோதிச் செத்துப்போனான்.

"படம் எடுக்க வந்தப்ப கூட்டத்துல நின்னான்" என்றாள் வெள்ளைத்தாய். "தேட்டர்ல வந்தப்ப ஒரு தடவ பாத்தேன். எழுத்துக் கூட்டித் தேட எனக்கு எங்க வருது? வாயால பேரச் சொன்னா வருதேன்னு சொல்லிப் பாத்தேன். வந்துருச்சு."

"போட்டோதான் இருக்கே உன் பெட்டியில."

"இருக்கு. அதுல அவன் நடக்கல."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஓட்டு" என்றார். படம் அசையவில்லை. "ஏட்டு, ஓட்டு!" என்று மூச்சிரைக்க அதட்டினார். அதற்கும் அசையவில்லை. அவள் மெதுவாக, வீட்டு ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். கருத்தப்பாண்டி நடந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். யாரையோ பார்த்துச் சிரித்தான். கூட்டம் மறைத்துவிட்டது.

"ஏட்டு, பின்னாடி போ" என்றாள். மறுபடியும் வந்தான்.

அவன் மறைந்ததும் அவர் கேட்டார். "நெசத்தச் சொல்லு. அந்த மோதிரத்த அவன் எடுத்தானா?"

"எனக்குத் தெரியாது" என்றாள். இந்தத் தடவை நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். "எடுத்திருந்தாலும் அவன் எந்தம்பி. எடுக்கலன்னா நீங்க பண்ணது என்னங்க?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவன் மக பாத்திருக்காளா இத?" என்றார்.

"பானுவா? கைப்பிள்ளையில விட்டுட்டுப் போனான். அவளுக்கு அப்பன் மொகமே தெரியாது."

"வரச் சொல்லு."

இப்போது வெள்ளைத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்கு? விசாரிக்கவா?"

"படம் பாக்கத்தாம்ட்டி."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் சுந்தரபாண்டியம் ஊரில் இருந்த தம்பி மனைவிக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கருத்தப்பாண்டியின் மனைவி செல்லத்தாயும் மகள் பானுப்பிரியாவும் வந்தார்கள். செல்லத்தாய் நிலைக்கு உள்ளே வரவில்லை. காப்பியையும் தொடவில்லை. எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று தங்கப்பாண்டியனின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்தாய் படத்தின் பெயரைச் சொன்னாள். கூட்டம் வந்தது, மேளம் வந்தது, ஓரத்தில் அவன் வந்தான்.

பானுப்பிரியா திரையை ஒட்டிப் போய் நின்றாள். அழவில்லை. "எம்மா, தோளச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்காத, நடக்காதன்னு என்னய ஏசுவியே. இங்கன வந்து பாரு, எங்க அப்பா எப்படி நடக்காவுகன்னு!" என்று கத்தினாள்.

செல்லத்தாய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தங்கப்பாண்டியன் எழுந்து, தன்னுடைய நாற்காலியை இடது கையால் இழுத்துத் திரைக்கு எதிரே போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே செல்லத்தாய் உட்கார வெகுநேரம் ஆயிற்று. நாற்காலி கிரீச்சிடும் சத்தத்தை அவர் வாசலில் இருந்தே கேட்டார்.